பழைய டிரக்கில் புதிய எஞ்சின்: பெட்ரோல் லைனில் நான் கற்றது

பழைய பிக்கப் டிரக் ஒன்றின் கார்பரேட்டர் எஞ்சினை இறக்கிவிட்டு, ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். வகை வி8 எஞ்சினை ஏற்றத் திட்டமிட்டபோது, மவுண்ட், கியர்பாக்ஸ், வயரிங் ஆகியவற்றைப் பற்றியே மாதக்கணக்கில் யோசித்தேன். பெட்ரோல் லைனைக் கடைசி நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அந்தக் கடைசி நாள் மூன்று வாரங்களுக்கு நீண்டது.

எஞ்சினின் பக்கவாட்டில் கேம் ஷாஃப்டால் இயங்கும் பழைய மெக்கானிக்கல் பம்ப், டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி, ஏறத்தாழ 4 முதல் 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் கார்பரேட்டருக்கு அனுப்பும். எல்.எஸ். எஞ்சினில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கோ சுமார் 58 பி.எஸ்.ஐ. வேண்டும். பம்பை மாற்றினால் போதும், சேஸிஸில் ஓடும் பழைய இரும்புக் குழாயை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அந்தக் குழாய் தன் வாழ்நாள் முழுவதும் உறிஞ்சும் பக்கத்தில் இருந்தது. அதில் துரு அரித்து ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்திருந்தாலும் காற்று உள்ளே போயிருக்குமே தவிர, பெட்ரோல் வெளியே வந்திருக்காது. மின் பம்பு டேங்கில் அமர்ந்துவிட்டால் அதே குழாய் முழு நீளத்துக்கும் அழுத்தத்தின் கீழ் வருகிறது. அதே ஓட்டை எக்ஸாஸ்ட் குழாயின் அருகே பெட்ரோலைப் பீய்ச்சும். பழைய குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, வளைப்பதற்கு எளிதான நிக்கல்-செம்புக் குழாயை 3/8 அங்குலத்தில் புதிதாக இழுத்தேன்.

பம்பை எங்கே வைப்பது என்பதில் எனக்கு இப்போது குழப்பமில்லை. மின் பம்புகள் நன்றாகத் தள்ளும், மோசமாக உறிஞ்சும். சேஸிஸில் வெளியே மாட்டினால், டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே, அதற்கு மிக அருகில் மாட்டவேண்டும். டேங்குக்குள் வைத்தால் சுற்றியிருக்கும் பெட்ரோலே அதைக் குளிர்விக்கும், சத்தமும் குறையும். கார்பரேட்டர் காலத்து டேங்கில் தடுப்புகள் குறைவு என்பதால், பெட்ரோல் குறைவாக உள்ளபோது வளைவில் திரும்பினால் அது ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பு காற்றைக் குடிக்கும். மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் சேமிப்பால் கார்பரேட்டர் அதைப் பொறுத்துக்கொள்ளும், இன்ஜெக்டர் பொறுக்காது. ஆகவே பம்பைச் சுற்றி ஒரு சிறு தொட்டி அமைந்த டேங்க் கிட்டை வாங்கிப் பொருத்தினேன்.

அதிகம் யோசிக்கவைத்தது ரிட்டர்ன் லைன். பம்பு ஏறக்குறைய ஒரே அளவில் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. எஞ்சினுக்குத் தேவைப்படாததை, அழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் ரெகுலேட்டர் இந்த ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குத் திருப்பி அனுப்புகிறது. எஞ்சின் மிகக் குறைவாகக் குடிப்பது, வண்டி நிற்கையில் அது மெதுவாக ஓடும் ஐட்லிங்கில் என்பதால், திரும்பும் அளவு அப்போதுதான் மிக அதிகம். பெட்ரோல் ஆவிக்காகப் போட்டிருந்த பழைய 1/4 அங்குலக் குழாயையே ரிட்டர்னாகப் பயன்படுத்தியபோது, அந்தக் குறுகல் எதிரழுத்தத்தை உண்டாக்கி, எஞ்சின் நிதானமாக ஓடும்போது மட்டும் கேஜில் அழுத்தம் ஏறியது. பழுது ரெகுலேட்டரில் என்று ஒரு வாரம் அதன்மேல் பழிபோட்டேன். பின்னர், 1999 முதல் 2003 வரையிலான கார்வெட் கார்களில் வந்த, ரெகுலேட்டரும் ஃபில்டரும் ஒன்றாக அமைந்த பாகத்துக்கு மாறினேன். அதை டேங்குக்கு அருகிலேயே மாட்டிவிட்டால் ரிட்டர்ன் மிகக் குட்டையாக முடிந்துவிடும். எஞ்சினுக்கு ஒரே ஒரு குழாய் போனால் போதும். எஞ்சின் அறையின் சூட்டைச் சுமந்துகொண்டு பெட்ரோல் டேங்குக்குத் திரும்புவதும் நின்றுவிடும்.

இணைப்புகளில்தான் என் கை சுட்டது. ஏ.என். வகை எனப்படும் திருகு இணைப்பின் கூம்பு 37 டிகிரி. என்னிடம் இருந்த, பிரேக் குழாயின் வாயை விரிக்கும் ஃபிளேர் கருவி 45 டிகிரி. ஒரே மாதிரிதானே தெரிகிறது என்று அந்தக் கருவியாலேயே குழாயின் வாயை விரித்து ஏ.என். நட்டைப் பூட்டினேன். பரப்பு முழுவதும் படியாமல் ஒரு வளையக் கோட்டில் மட்டும் தொட்டதால் கசிந்தது. கசிவை நிறுத்த இறுக்க இறுக்க, விரித்த வாயில் விரிசல் விழுந்தது. சரியான கருவியை வாங்கி எல்லா முனைகளையும் வெட்டி மறுபடி செய்தேன்.

எஞ்சின் தன் மவுண்டில் ஆடும் என்பதால் சேஸிஸுக்கும் எஞ்சினுக்கும் இடையில் வளையும் ஹோஸ் கட்டாயம் வேண்டும். சாதாரணக் கார்பரேட்டர் ஹோஸில் ஜே30 ஆர்7 என்றும், இன்ஜெக்‌ஷனுக்கானதில் ஜே30 ஆர்9 என்றும் அச்சிட்டிருக்கும், பின்னதையோ, பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) உட்பூச்சு கொண்டதையோதான் இங்கே போடவேண்டும். பல்லில் திருகி இறுக்கும் கிளாம்பின் துளைகள் ரப்பரைக் கடிப்பதால், ஓரம் மடிந்த இன்ஜெக்‌ஷன் கிளாம்பையே எடுத்தேன். சேஸிஸ் நெடுகக் குழாயை ரப்பர் வைத்த கிளிப்புகளால் பிடித்து, எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி, தண்டவாளம் போன்ற சட்டத்தின் உட்புறத்தில் ஓட்டினேன்.

முதல் சோதனையை எஞ்சினை இயக்காமலே செய்தேன். சாவியைத் திருப்பினால் கணினி பம்பைச் சுமார் 2 விநாடி மட்டும் ஓட்டும். தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாவியைப் பலமுறை திருப்பி, வெள்ளைக் காகிதத்தால் ஒவ்வோர் இணைப்பையும் துடைத்துப் பார்த்தேன். ரெகுலேட்டரின் நுழைவாயிலில் மட்டும் ஈரம் இருந்தது. அழுத்தத்தை இறக்கிவிட்டு அதைச் சரிசெய்த பிறகு கேஜ் 58-இல் நின்றது. புதிய மிதவையின் மின்தடை பழைய மீட்டரோடு பொருந்தாததால், டேங்க் நிரம்பியிருந்தாலும் டேஷ்போர்டு இன்னமும் பாதி என்றே காட்டுகிறது. அது அடுத்த விடுமுறைக்கான வேலை.