எஸ்எஸ் சிக்னி

எனக்கு மிகவும் பிடித்த விண்மீன் எது என்று கேட்டால், யோசிக்காமல் எஸ்எஸ் சிக்னி என்பேன். சிக்னஸ் என்ற விண்மீன் கூட்டத்தில் ஒரு வெண்குறுமீனும் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன, அடர்த்தியான விண்மீன்) அதன் துணை விண்மீனும் ஆறரை மணி நேரத்தில் ஒன்றையொன்று சுற்றி முடிக்கின்றன. துணையிடமிருந்து வழியும் வாயு, வெண்குறுமீனைச் சுற்றித் தட்டுப்போல் சேர்கிறது. போதிய அளவு சேர்ந்ததும் தட்டு சூடேறி, ஹைட்ரஜன் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனியாகி, வாயு மளமளவென்று உள்ளே பாய்கிறது. பொலிவு சுமார் 40 மடங்கு கூடுகிறது! ஏழெட்டு வாரங்களுக்கு ஒருமுறை இப்படி நடந்தாலும், நாள் குறித்துச் சொல்ல முடியாது.

1896இல் ஹார்வர்டில் லூயிசா வெல்ஸ் கண்டறிந்தது இது. பின்னாளில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி தந்த தூரம் 500 ஒளியாண்டுகளுக்கும் மேல். அது உண்மையென்றால், அவ்வளவு தொலைவிலிருந்தும் இந்தப் பொலிவைக் காட்ட வாயு ஏராளமாக வழிந்து, தட்டு எப்போதும் சூடாகவே இருந்திருக்க வேண்டும். மேலே சொன்ன விளக்கமே அடிபட்டுப்போகும். ரேடியோ அலைகளால் அளந்து பார்க்கலாம், ஆனால் விண்மீனின் பொலிவு பொங்கும்போதுதான் அவை வலுவாக வரும். தொலைநோக்கிகளை எப்போது திருப்புவது? அதைச் சொன்னவர்கள் சொந்தத் தொலைநோக்கியோடு இரவெல்லாம் விழித்திருந்த ஆர்வலர்கள். 2013இல் விடை வந்தது: சுமார் 370 ஒளியாண்டுகள். விளக்கம் பிழைத்தது. பின்னர் கையா விண்கலத்தின் அளவீடும் அதையே சொன்னது.

சம்பளமின்றி வானத்தைக் காவல் காக்கும் அந்த மனிதர்களை எந்தப் பேராசிரியருக்கும் குறைவாக நான் மதிப்பதில்லை.