சிறிய அணு உலையும் உப்புப் படிந்த இன்சுலேட்டரும்

இலங்கைக்குச் சிறிய அணு உலை வேண்டுமா என்ற கேள்வியை எங்கள் லைனிலிருந்தே தொடங்க வேண்டும். காத்தான்குடியிலிருந்து கல்முனை வரை கடலோரமாகப் போகிற 33 கேவி (கிலோவோல்ட்) மின் லைனை ஆவணி, புரட்டாதியில் நிறுத்திவிட்டு ஏறிப் பார்த்தால், கம்பியைக் கம்பத்தில் படாமல் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டரின் மடிப்புகளுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு படை தெரியும். கடல் உப்பும் தூசியும். காய்ந்திருக்கும்வரை அதனால் தொல்லையில்லை. பெருமழை வந்தாலும் கழுவிக்கொண்டு போய்விடும். ஆபத்து தூறலிலும் விடியற்காலைப் பனியிலும்தான். உப்பு நனைந்ததும் பீங்கானின் மேலால் கரண்ட் கசியத் தொடங்கும், சீறும், நீலமாய்ப் பொறிக்கும், கடைசியில் பாய்ந்துவிடும். பீடர் பிரேக்கர், அதாவது பழுது வந்தால் லைனைத் தானே துண்டிக்கும் சுவிட்ச், விழும். போய்ப் பார்க்கிற நேரத்தில் வெயில் ஏறி எல்லாம் காய்ந்திருக்கும், பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதே பெரும் பாடு.

கடுமையான உப்புப் பகுதிக்கு, லைனின் உச்ச அழுத்தத்தில் கேவி ஒன்றுக்கு 31 மில்லிமீற்றர் கசிவுத்தூரம் (பீங்கானின் மடிப்புகள் வழியே அளக்கும் மேற்பரப்பு நீளம்) வேண்டும் என்பது சர்வதேசக் கணக்கு. 33 கேவி லைனின் உச்சமான 36 கேவிக்கு அது 1,116 மில்லிமீற்றர். உள்நாட்டுக்கு வாங்கிய கட்டையான இன்சுலேட்டரைக் கடற்கரையில் மாட்டினால் கழுவிக் கழுவியே காலம் போகும்.

அணு உலையைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் இது எதற்கு என்றால், உலைக்கும் வெளியிலிருந்து கரண்ட் வேண்டும் என்பதற்காகத்தான். அமெரிக்காவின் நியூஸ்கேல் நிறுவனத்தின் சிறிய உலை வடிவத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு உலைக்கு 77 மெகாவாட் மின்சாரம், வெப்பமாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 250 மெகாவாட். அதை நிறுத்திய கணத்திலும் ஆறேழு வீதம் வெப்பம் வந்துகொண்டேயிருக்கும். அது 16 மெகாவாட் அளவு. இங்கினியாகலை நீர்மின் நிலையத்தின் முழுக் கொள்ளளவே 11 மெகாவாட்தான் என்று நினைத்தால் அளவு விளங்கும். ஒரு மணி நேரம் கழித்தும் மூன்று நான்கு மெகாவாட் மிஞ்சும். வழக்கமான உலையில் அந்த வெப்பத்தை அகற்றப் பம்பு ஓட வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். இந்த வடிவம் கரண்டே இல்லாமல், நீரின் இயல்பான சுழற்சியால் தானே குளிரும்படி அமைக்கப்பட்டது. அது உண்மையான முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் லைன் விழும்போது இயந்திரம் நின்றுவிடலாம். திரும்ப ஏற்றுவது டீசல் ஜெனரேற்றரைத் தட்டிவிடுகிற வேலையல்ல. எரிபொருள் தீரப்போகிற கடைசிப் பகுதியென்றால், அணுப்பிளவைத் தடுக்கும் ஸெனன்-135 என்ற வாயு உலைக்குள் தேங்கி ஒரு நாளுக்கு மேலும் காக்க வைக்கலாம்.

'சிறியது' என்ற சொல்லிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. உலகக் கணக்கில் 300 மெகாவாட் வரை சிறியது. கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலையோடு வைத்துப் பார்த்தால் சிறியதுதான். ஆனால் ஒரு தனி இயந்திரம் கிரிட்டின், அதாவது நாட்டு மின்வலையமைப்பின், பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பழைய நடைமுறைக் கணக்கு. இலங்கையின் இரவு உச்சம் 2,500 மெகாவாட்டைத் தாண்டும்; நள்ளிரவுக்குப் பிறகு அது நன்றாக இறங்கிவிடும். அந்த நேரத்தில் 300 மெகாவாட் எங்களுக்கு மிகப் பெரியது.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி அதைக் காட்டியது. ஞாயிறு முற்பகல், தேவை குறைவு, கூரைச் சூரியத் தகடுகள் நிறையத் தந்துகொண்டிருந்த நேரம், சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவு. பாணந்துறை சப்ஸ்டேஷனில் ஒரு குரங்கு பட்டதில் நாடே இருண்டது. எல்லோரும் குரங்கைப் பற்றியே பேசினார்கள். பேச வேண்டியது, திடீர் அதிர்ச்சியில் கிரிட் சரியாமல் தாங்குகிற, அந்தப் பெரிய இயந்திரங்களின் சுழலும் எடை எவ்வளவு குறைந்திருந்தது என்பதைத்தான். நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் மூன்று 300 மெகாவாட் இயந்திரங்களும் நின்றன. அவை திரும்ப வரத் தாமதமானதில் அடுத்த இரண்டு நாளும் முறைவைத்துக் கரண்ட் வெட்டினார்கள். அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்குக் கரண்ட் மிஞ்சியபோது, கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி கேட்டார்கள்.

அணு உலையின் செலவு பெரும்பாலும் கட்டுவதில்தான், எரிபொருளில் அல்ல. பாதிச் சுமையில் ஓட்டினால் ஒரு அலகின் விலை கிட்டத்தட்ட இரட்டிக்கும். ஆகவே அது இருபத்துநாலு மணி நேரமும் முழுதாக ஓடப் பார்க்கும். நண்பகலில் யாரை நிறுத்துவது, ஏறாவூர் வீட்டுக்காரரின் தகட்டையா, உலையையா? இந்தக் கேள்விக்குப் பற்றரியும் வலுவான லைனும்தான் பதில். அவை உலை வந்தாலும் வேண்டும், வராவிட்டாலும் வேண்டும்.

விலைக்கும் இன்னும் நிலையில்லை. நியூஸ்கேலின் ஆறு உலைகளை அமெரிக்காவில் கட்டும் திட்டத்தில் மெகாவாட் மணிக்கு 58 டொலர் என்றிருந்த மதிப்பீடு 89 டொலருக்கு ஏறி, 2023 நவம்பரில் திட்டமே கைவிடப்பட்டது. ரஷ்யாவின் மிதக்கும் நிலையம், இரண்டு 35 மெகாவாட் உலைகள், 2007இல் தொடங்கி 2020இல்தான் வணிக உற்பத்திக்கு வந்தது. கனடாவின் டார்லிங்டனில் 300 மெகாவாட் உலைகள் நான்குக்கு 2025இல் போட்ட மதிப்பீடு 20.9 பில்லியன் கனேடிய டொலர். கடன் மறுசீரமைப்பிலிருந்து எழும்புகிற நாடு முதல் வாடிக்கையாளராகப் போய் நிற்கக்கூடாது என்பதே எங்கள் கருத்து. அதற்காகக் கதவை அடைக்கவும் தேவையில்லை. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தில் அணுசக்தியை ஒழுங்குபடுத்தும் சபை வந்துவிட்டது. அதில் ஆள் பழகட்டும், நாலைந்து உலைகள் வேறெங்காவது பத்து வருடம் ஓடட்டும்.

இடம் என்று வந்தால் மட்டக்களப்பு வாவியை யாரும் காட்டவேண்டாம். 77 மெகாவாட் உலை ஒன்று வெளியே தள்ளுகிற வெப்பத்தைப் பத்துப் பாகை சூடேற்றத்துக்குள் அடக்க, நொடிக்கு நாலு கனமீற்றருக்கு மேல் தண்ணீர் ஓட வேண்டும். கோடையில் முகத்துவாரம் மணல் திட்டால் அடைபட்டுக் கிடக்கும்போது அந்தச் சூடு போக வழியில்லை. அதன் பாதிப்பு இறாலுக்கும் மீனுக்கும்தான். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில், ஒரு பிரதான வீதியையும் சில பாலங்களையும் நம்பி மக்களை வெளியேற்றுகிற திட்டமும் எழுத முடியாது.

சர்வதேச அணுசக்தி முகமை ஒரு நாடு ஆயத்தப்படுத்த வேண்டிய 19 விடயங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. மின்வலையமைப்பு அதில் ஒன்று. எந்த மாவட்டத்தைத் தெரிவு செய்தாலும் முதலில் எடுக்க வேண்டியது அந்தச் சப்ஸ்டேஷனின் பிரேக்கர் பதிவேடு. எத்தனை தடவை விழுந்தது என்பதைவிட, உள்ளே வருகிற இரண்டு லைனும் ஒரே நேரத்தில் எத்தனை தடவை போயின என்று பார்க்க வேண்டும். ஒரே கோபுரத்தில் ஓடுகிற இரண்டு சர்க்கிட்டை இரண்டென்று எண்ணக்கூடாது. 1978 நவம்பர் சூறாவளி மாதிரி ஒன்று கோபுரத்தைச் சாய்த்தால் இரண்டும் சேர்ந்துதான் விழும்.