மேலோடு இல்லாத நானோ துகள் தண்ணீரில் மங்கும்

இட்டெர்பியம், எர்பியம் என்ற அருமண் உலோகங்கள் கலந்த சோடியம் இட்ரியம் ஃப்ளூரைடு நானோ துகள்மேல் 980 நானோமீட்டர் லேசரை அடித்தால் பச்சையும் சிவப்புமாக ஒளிரும். உடல் திசு அப்படி ஒளிராது. அதனால் திசுவுக்குள் துகளைப் படமெடுத்தால் பின்னணி கருப்பாகவே இருக்கும். இந்த ஒரு குணத்துக்காகவே இதைச் செய்ய இவ்வளவு பாடு.

1 மில்லிமோல் துகளுக்கு (இட்ரியம் 78, இட்டெர்பியம் 20, எர்பியம் 2 சதவீதம்) எடுக்க வேண்டிய ஹெக்ஸாஹைட்ரேட் குளோரைடு உப்புகள்: இட்ரியம் 236.6, இட்டெர்பியம் 77.5, எர்பியம் 7.6 மில்லிகிராம். சென்னையில் ராயபுரம், காசிமேடு மாதிரி கடலோரத்தில் லேப் இருந்தால் இங்கேயே சறுக்கும். ஐப்பசி மழைக்காற்றில் இந்த உப்புகள் தராசுத் தட்டிலேயே நீர்விட ஆரம்பிக்கும், 7.6 மில்லிகிராமில் அந்த ஈரம் பெரிய பிழை. புது பாட்டிலைத் திறந்த அன்றே மெத்தனாலில் 0.1 மோலார் கரைசலாக்கி வையுங்கள். எர்பியத்துக்கு 0.2 மில்லி எடுத்தால் போதும்.

ஒலியிக் அமிலம் 6 மில்லி, 1-ஆக்டடெசீன் 15 மில்லி சேர்த்து, ஆர்கான் வாயுச் சூழலில் 160 டிகிரிக்குச் சூடாக்கினால் கலவை தெளியும். 50 டிகிரிக்கு ஆறவிட்டு, 10 மில்லி மெத்தனாலில் கரைத்த சோடியம் ஹைட்ராக்சைடு 100, அம்மோனியம் ஃப்ளூரைடு 148 மில்லிகிராமை மெதுவாக விட்டு, அரை மணி நேரம் கலக்குங்கள். அவசரப்பட்டால் மிஞ்சிய ஃப்ளூரைடு சூட்டில் நச்சு வாயுவாகும். ஃப்யூம் ஹூட் கட்டாயம். பிறகு 100 டிகிரியில் வேக்குவம் போட்டு மெத்தனாலை முழுக்க இழுங்கள். மிச்சம் இருந்தால் மேலே போகும்போது கலவை பொங்கிக் குதிக்கும்.

கடைசியாக ஆர்கானில் 300 டிகிரி, ஒன்றரை மணி நேரம். நடுவில் கரன்ட் போனால் கனசதுரப் படிகமும் அறுகோணப் படிகமும் கலந்த துகள்தான் கிடைக்கும்; அறுகோணம்தான் பிரகாசமானது. பராமரிப்பு மின்தடை நாளைப் பார்த்துத் தேதி குறியுங்கள். ஹீட்டிங் மேன்டிலை யுபிஎஸ்ஸில் போடுவது இன்னும் நல்லது.

பலர் இதோடு நிறுத்திவிட்டு, ஒளி மங்கல் என்று எர்பியத்தைக் கூட்டுகிறார்கள். அது தவறான வைத்தியம். 2 சதவீதத்தைத் தாண்டினால் எர்பியங்கள் ஒன்றுக்கொன்று ஆற்றலைக் கடத்தி வீணாக்கும். பெரிய ஓட்டை மேற்பரப்பில்தான் இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறின் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் (ஓஹெச்) பிணைப்பு அதிர்வுகள் அங்கே ஆற்றலை உறிஞ்சிவிடும். இதுவரை செய்த துகளைக் கருவாக வைத்து, அதன்மேல் வேறு உலோகம் கலக்காத வெறும் சோடியம் இட்ரியம் ஃப்ளூரைடில் 3 நானோமீட்டர் மேலோடு போடுங்கள். 20 நானோமீட்டர் விட்டமுள்ள கரு 26 ஆக வேண்டுமென்றால் கன அளவு 2.2 மடங்காகும், அதாவது 1 மில்லிமோல் கருவுக்கு மேலோட்டு இட்ரியம் 1.2 மில்லிமோல். அரை மில்லிமோல் போட்டால் தடிமன் ஒன்றரை நானோமீட்டரைக்கூட எட்டாது. அதை மேலோடு என்று நம்பி ஏமாற வேண்டாம்.

தண்ணீருக்கு மாற்ற, பிஎச் 4 ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 மணி நேரம் கலக்கி, கழன்ற ஒலியிக் அமிலத்தை ஈதரில் பிரித்தெடுங்கள். இந்த வெறும் துகளை நேரே பாஸ்பேட் பஃபரில் விடாதீர்கள். பாஸ்பேட் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்ள, துகள்கள் திரண்டு அடியில் படியும். பாஸ்போனேட் முனையுள்ள பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) பூசிய பிறகே பஃபர். மிக நீர்த்த கரைசலில் நாள்கணக்கில் வைத்தால் ஃப்ளூரைடும் கரைந்து போகும்.

980 நானோமீட்டர் ஒளியைத் தண்ணீரும் உறிஞ்சும் என்பதால் திசு சூடாகும். அதைத் தவிர்க்க 808 நானோமீட்டர் லேசர் வேண்டுமென்றால், அந்த ஒளியை உறிஞ்சும் நியோடிமியத்தை மேலோட்டில் மட்டும் வையுங்கள்; கருவில் கலந்தால் எர்பியத்தின் ஆற்றலை அதுவே திருப்பி வாங்கிக்கொள்ளும். ஆழத்தைச் சோதிக்க வியாசர்பாடி மார்க்கெட்டில் வாங்கிய எலும்பில்லாக் கோழித் துண்டு 5 மில்லிமீட்டர் போதும். எர்பியத்தின் பச்சை அதற்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடும். எர்பியத்துக்குப் பதில் துலியம் போட்ட துகளின் 800 நானோமீட்டர் ஒளி நன்றாகக் கடந்து வரும். இந்த லேசர்கள் கண்ணுக்குத் தெரியாதவை. அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.