துருவமான் மந்தையின் தாய்வழியைத் தேடி ஒரு கோடைகாலம்

மந்தையின் பூர்வீகத்தை மரபணுவில் தேடுவதென்றால் லேபுக்குள் உட்கார்ந்து முடிக்கிற வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் முதுகலை ஆய்வுக்காக இதைச் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், லேப்தான் இதில் சுலபமான பகுதி. மாதிரி சேகரிப்பதும், கிடைத்த முடிவுக்கு அர்த்தம் கண்டுபிடிப்பதும்தான் உயிரை வாங்கின.

கேள்வி இதுதான். வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான சாமி இனத்தவர் அங்கே இன்று மேய்க்கும் துருவமான்கள், அதாவது ரெயின்டீர்கள், அதே மண்ணில் முன்பு திரிந்த காட்டு மான்களின் வாரிசுகளா, வெளியிலிருந்து வந்தவையா? க்னுட் ரோயெட் தலைமையிலான குழு 2008இல் ஐரோப்பிய, ஆசிய மந்தைகளை ஒப்பிட்டு, ஸ்காண்டிநேவியப் பக்கத்து வளர்ப்பு மான்களுக்கும் ரஷ்யப் பக்கத்து மான்களுக்கும் தனித்தனித் தொடக்கம் உண்டு என்று காட்டியது. 2012இல் அதே வட்டத்து ஆய்வாளர்கள் ஃபின்மார்க் அகழ்வுகளில் கிடைத்த எலும்புகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்தார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி, வேட்டையிலிருந்து மேய்ச்சலுக்கு மாறிய காலத்தில், அங்கிருந்த தாய்வழிகள், அதாவது தாயிடமிருந்து மட்டும் இறங்கிவரும் மரபு வழிகள், பெரிதும் மாறிப்போயிருந்தன. என் பங்கு மிகச் சிறியது. ஒரே ஒரு குடும்பத்தின் மந்தையை எடுத்து, அது இந்தப் படத்தில் எங்கே உட்காருகிறது என்று பார்க்க வேண்டும்.

போவதற்கு முன் எனக்குக் கிடைத்த முதல் அறிவுரை: "எத்தனை மான் வைத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிடாதே. பார்த்ததும் ஒருவருடைய பாங்க் பாஸ்புக்கைக் கேட்பது மாதிரி அது. ஆனால் ஆய்வுத் திட்டப் படிவத்தில் மந்தையின் மொத்த எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாகவே விட்டேன். மேற்பார்வையாளரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அந்த ஊர் பழக்கம்.

கோடையில் கன்றுகளுக்குக் காதில் அடையாளம் வெட்டுவார்கள். வெயில் மறையாத நாட்கள்தான், இருந்தாலும் கொஞ்சம் குளிர்ச்சி இருக்கும் என்பதால் இரவில்தான் மந்தையைப் பட்டிக்குள் ஓட்டி வருகிறார்கள். கன்றின் கழுத்தில் எண் அட்டையைக் கட்டி விட்டுவிட்டு, அது எந்தப் பசுவின், அதாவது பெண் மானின், பின்னால் போகிறது என்று தள்ளி நின்று பார்க்கிறார்கள். தாயின் காதைப் பார்த்தால் கன்று யாருடையது என்று தெரிந்துவிடும். பிறகு கயிறு வீசிப் பிடித்து, கத்தியால் அதே வெட்டை இதன் காதிலும் போடுகிறார்கள். ஒவ்வொரு உரிமையாளருக்கும் தனி வெட்டு, பதிவு செய்யப்பட்ட வெட்டு. ஓடுகிற கன்றின் காதை அத்தனை தூரத்திலிருந்து அவர்கள் படிப்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

வெட்டி விழும் காது நறுக்கை அவர்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். கடைசியில் அதை எண்ணினால் எத்தனை கன்று என்று கணக்கு வந்துவிடும். எனக்கு வேண்டிய திசுவும் அதுதான். ஆய்வுக்கென்று தனியாக எந்த மானையும் குத்த வேண்டியதில்லை. சிக்கல் அந்தப் பைதான். ஒரு கன்றின் ரத்தம் இன்னொன்றின் நறுக்கில் ஒட்டினால் டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறை இரண்டையும் சேர்த்தே பெருக்கிக் காட்டும். நறுக்கை நேராக என் எத்தனால் குப்பியில் போடுங்கள், கத்தியையும் ஒவ்வொரு முறை துடைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். வீட்டுப் பெரியவர் யோசித்தார். "அப்படியானால் கணக்கு உன்னிடம் இருக்கும். எங்களுக்கு மட்டும்தான் சொல்ல வேண்டும்" என்றார். கேட்கவே கூடாத எண்ணிக்கையின் ஒரு பகுதி இப்படியாக என் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது.

லேப் கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன். திசுவைக் கரைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே சேர்த்து 56 டிகிரியில் ஓர் இரவு கரைய விட்டேன். டி.என்.ஏ.வைப் பிரித்து, செல்லுக்குள் தனக்கெனத் தனி டி.என்.ஏ. வைத்திருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் கட்டுப்பாட்டுப் பகுதி என்ற துண்டைப் பெருக்கி, அதன் எழுத்துகளைப் படிக்கும் சாங்கர் முறையில் வரிசைப்படுத்தினேன். காது நறுக்கு புதிதாக இருந்ததால் அநேகமாக எல்லாமே முதல் தடவையே வந்துவிட்டன.

ஒப்பிடும்போதுதான் மாட்டிக்கொண்டேன். என் வரிசைகள் நீளமானவை. பழைய எலும்பில் டி.என்.ஏ. உடைந்து கிடப்பதால் அவற்றின் வரிசைகள் குட்டையானவை. இரண்டுக்கும் பொதுவான துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டினால், வேறு வேறாகத் தெரிந்த தாய்வழிகள் சில ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே தாய்வழிகள் எப்படிக் கிளைக்கின்றன என்று காட்டும் இரண்டு வரைபடங்கள் போட்டேன்: எலும்புகளோடு ஒப்பிடக் குட்டை வரிசையில் ஒன்று, மந்தைக்குள் பார்க்க முழு நீளத்தில் ஒன்று. மைக்ரோசாட்டலைட்டில், அதாவது டி.என்.ஏ.வில் சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களில், வேறு தலைவலி. ஒரே மானின் ஒரே அல்லீலுக்கு (அந்த இடத்தின் ஒரு வடிவத்துக்கு) ஒரு லேபின் கருவி தரும் நீளம் இன்னொரு லேபில் ஓரிரண்டு எழுத்து தள்ளி வரும். பழைய ஆய்வில் ஓட்டிய சில மாதிரிகளையே வாங்கி நம் கருவியிலும் ஓட்டி, வித்தியாசத்தைக் கழிக்காமல் வெளியிடப்பட்ட எண்களோடு சேர்த்தால் உங்கள் மந்தை உலகத்தில் இல்லாத புது இனமாகத் தெரியும். யாராவது இந்த வேலையில் இறங்கினால், அந்த மாதிரிகளைக் கேட்டு முதல் வாரமே கடிதம் போடுங்கள். வந்து சேர மாதக்கணக்காகும்.

பெரும்பாலான கன்றுகள் ஸ்காண்டிநேவிய வளர்ப்பு மந்தைகளில் பரவலாக உள்ள தாய்வழிகளில் விழுந்தன. அது எதிர்பார்த்ததுதான். ஒரு சில கன்றுகள் மட்டும் தனிக் கிளையாக ஒதுங்கி நின்றன. காட்டு மானின் மிச்சமோ என்று எனக்குள் ஒரே பரபரப்பு. வரைபடத்தைக் கொண்டுபோய்ப் பெரியவரிடம் காட்டினேன். அவர் குப்பி எண்களைத் தன் நோட்டோடு பொருத்திப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் என் பாட்டி கொண்டுவந்த பசுக்களின் வழி" என்றார். சாமிப் பெண்களுக்குச் சொந்த மான், சொந்தக் காது வெட்டு உண்டு. கல்யாணமாகிப் போகும்போது அவர்களுடைய மான்களும் கூடவே போகும். அந்தப் பாட்டியின் குடும்பம் எல்லைக்கு அப்பால் ஃபின்லாந்துப் பக்கத்திலிருந்து வந்தது. 1852இல் நோர்வே - ஃபின்லாந்து எல்லை மேய்ச்சலுக்கு மூடப்படும் வரை மந்தைகள் இரண்டு பக்கமும் போய்வந்தவைதான்.

மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வரும். இந்த மந்தையில் அது வீட்டுப் பெண்கள் வந்த வழியையும் காட்டிக்கொண்டிருந்தது. கிடாக்கள், அதாவது ஆண் மான்கள், எங்கிருந்து வந்தன என்பதைப் பற்றி அது வாயே திறக்காது. அதற்கு மைக்ரோசாட்டலைட்தான். அதிலும் சில கிடாக்களே பெரும்பாலான கன்றுகளுக்குத் தகப்பன் என்பதால் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே வரும்.

ஆய்வேட்டில் கன்றுகளின் எண்ணிக்கையை வெளியே தெரியாமல் வைக்க, வழிகளைச் சதவீதமாக மட்டும் கொடுத்தேன். தேர்வாளர் ஒருவர் முகம் சுளித்தார், ஆனால் மேற்பார்வையாளர் என் பக்கம் நின்றார். வீட்டுக்காரர்களுக்குத் தனிப் பிரதி ஒன்று போட்டுக் கொடுத்தேன். அதில் என் குறியீடுகளை எடுத்துவிட்டு ஒவ்வொரு கிளையிலும் அந்தந்தக் காது வெட்டை வரையச் சொன்னார்கள், வரைந்தேன். அடுத்த கோடையில் பக்கத்து மேய்ச்சல் குழுவின் கன்றுகளையும் சேர்க்கலாம் என்கிறார் பெரியவர். அவர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை.