நாக்-அவுட் ஃபிக்சர் போடுறவங்க கவனத்துக்கு

சேலத்திலும் ஏற்காட்டிலும் லீவுக்கு ஃபுட்பால் நாக்-அவுட் நடத்துகிறவர்கள் பை (ஒரு டீம் ஒரு ரவுண்டில் ஆடாமலே அடுத்த ரவுண்டுக்குப் போவது) கணக்கில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். 22 டீமை அப்படியே ஜோடி சேர்த்தால் அடுத்து 11, பிறகு 6, பிறகு 3. அந்த மூன்றில் ஒரு டீம் ஆடாமலே ஃபைனலுக்குப் போய்விடும். சண்டை வராமல் என்ன செய்யும்?

4, 8, 16, 32 வரிசையில் 22-க்கு அடுத்து வருவது 32. வித்தியாசம் 10, அதனால் 10 டீமுக்கு பை. அதுவும் முதல் ரவுண்டில் மட்டும். மீதி 12 டீம் 6 மேட்ச் ஆடட்டும். 6-ம் 10-ம் சேர்ந்து 16. அப்புறம் பை என்ற பேச்சே கிடையாது. மொத்தம் 21 மேட்ச். டீம் எண்ணிக்கையில் எப்போதும் ஒன்று குறைவு. ரெஃப்ரி சம்பளத்தை இதை வைத்தே போடலாம்.

1871-ல் தொடங்கிய இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் ரவுண்டுக்கு ரவுண்டு புதிதாகச் சீட்டுக் குலுக்குவார்கள், பெரிய கிளப்புகள் தங்களுக்குள் மோதாதபடி தனியே பிரித்தும் வைப்பதில்லை. அருமையான முறை. ஆனால் நம் ரெண்டு நாள் போட்டிக்கு, எல்லா கேப்டன்களும் இருக்கும்போதே முழு ஃபிக்சரையும் (யாரோடு யார் ஆடுவது என்ற பட்டியல்) குலுக்கி ஒட்டிவிடுவதுதான் நல்லது.

டைபிரேக்கரில் (மேட்ச் சமனானால் அடிக்கும் பெனால்டி ஷூட்-அவுட்) ஒரு விஷயம்: ரெட் கார்டால் ஒரு டீமில் 10 பேர்தான் என்றால், எதிர் டீமும் ஒருவரைக் கழித்துவிட்டு அடிக்கலாம்.

ஏற்காட்டில் சாயங்காலம் பனி இறங்கினால் எதிர் கோல்போஸ்ட்டே தெரியாது. எக்ஸ்ட்ரா டைம் இல்லை, நேராக டைபிரேக்கர் என்று நோட்டீஸிலேயே போட்டுவிடுங்கள்.