தாத்தாவின் .275க்குத் தோட்டா தேடியது: இதுவரை

தாத்தாவின் .275 ரிக்பி ரைஃபிள் போன சித்திரையில் என் லைசென்ஸுக்கு மாறியது. (.275 என்பது குழலின் உள்விட்டம், அங்குலத்தில்; கீழே வரும் .315, .30-06 போன்றவையும் இப்படி அளவுப் பெயர்கள்தான்.) கொல்லங்கோட்டுக்குத் தெற்கே, நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் எங்கள் வயல். கதிர் முற்றினால் பன்றி இறங்கிவிடும். கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவரே சுட அனுமதி தரலாம். துப்பாக்கி உண்டு, தோட்டா இல்லை. தாத்தா விட்டுப்போன ஐந்தின் கழுத்திலும் பச்சை பிடித்திருந்தது. அவற்றைச் சுடுவதாக இல்லை.

கோவையில் ஒரு கடைக்காரர் சொன்னார்: "தம்பி, .315 வேணுமா, இருக்கு. .30-06ன்னாலும் பார்க்கலாம். இது வராது."

சரி, மூன்றுக்கும் என்னதான் வித்தியாசம்? பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் மற்ற இரண்டின் சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகள் இருந்தன. துல்லியமாக அளக்க வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு போனேன். .275ம் .30-06ம் அடிப்பக்கத்தில் ஒரே அளவு, 12 மில்லிமீட்டர். நீளம்தான் 57, 63. குண்டின் தடிமன் 7.2, 7.8. .315 வேறு இனம்: அடியில் அகன்ற விளிம்பு, கூடு குட்டை. ராணுவத்தின் .303 பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரர்கள் தடுத்ததால் இங்கே வேரூன்றிய அளவு அது.

.275 என்பது பிரிட்டிஷ் துப்பாக்கி நிறுவனமான ரிக்பி வைத்த பெயர்தான். உள்ளே இருப்பது 1892ல் வந்த ஜெர்மன் 7x57 மவுசர் தோட்டா. சம்பாவத் என்ற ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907ல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குக் கொடுத்ததும் இதே அளவு ரைஃபிள்தான். வெளிநாட்டில் 7x57 இன்றும் தயாராகிறது. ஆனால் 1890களின் பழைய மவுசர் ரைஃபிள்கள் தாங்க வேண்டுமே என்று அமெரிக்கத் தொழிற்சாலைகள் அதில் மருந்தை மிதமாகவே நிரப்புகின்றன. ஐரோப்பியப் பெட்டிகளில் வேகம் கூடுதல். 1980ல் வந்த ரெமிங்டனின் 7 எம்எம்-08, கூடு குட்டையாக இருந்தும், அழுத்தம் கூட்டி ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது.

.275ல் 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) குண்டுக்கு தோளில் இடி குறைவு, குறி நிற்கும். பன்றிக்கு அது தாராளம். எனக்கு இதுதான் பிடித்த தோட்டா. ஆனால் நம் நாட்டுத் தொழிற்சாலை போடுவது .315, .30-06 இரண்டைத்தான். லைசென்ஸில் எழுதிய அளவுக்குத்தான் தோட்டாவும் கிடைக்கும்.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கி வரை அனுமதி. இரண்டாவதாக .30-06க்கு மனு கொடுத்துவிட்டேன். .275ன் குழலைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். அப்புறம், கொச்சியில் ஒரு கடையில் 7x57 பழைய இருப்பு இருக்கலாம் என்று மாமா சொன்னார். திங்கட்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.