தோஜி காத்திருந்த நாலு மணி நேரம்

ஜுஜுட்சு கைசன் என்ற ஜப்பானிய அனிமே தொடரின் இரண்டாம் சீசனின் தொடக்க எபிசோடுகளை இன்றைக்கும் எடுத்துப் போட்டுப் பார்க்கிறேன். 2023 ஜூலையில் வந்தவை. கதை நடப்பது 2006இல். கோஜோவும் கேதோவும் அப்போது மந்திரவாதிப் பள்ளி மாணவர்கள். தங்களை மிஞ்ச ஆளே இல்லை என்று நம்புகிற வயசு. அந்த நம்பிக்கையை உடைக்க வருகிறவன் தோஜி ஃபுஷிகுரோ, காசு வாங்கிக்கொண்டு மந்திரவாதிகளைக் கொல்கிறவன்.

அவன் உடம்பையும் சண்டையையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னை உலுக்கியது அவன் போட்ட கணக்கு.

ரிகோ அமனாய் என்ற பள்ளிக்கூடப் பெண்ணைக் கொல்ல வேண்டும், அதுதான் வேலை. டெங்கென் என்ற சாகாத மந்திரவாதியோடு அவள் உடம்பால் இணைய வேண்டியவள். அந்த இணைப்பு நடக்கவே கூடாது என்று நினைக்கிற ஒரு மதக் கூட்டம் பணம் கொடுக்கிறது. காவலுக்கு நிற்பது கோஜோ. அவன் தன்னைச் சுற்றி விரித்து வைத்திருக்கிற சக்தியைத் தாண்டி எதுவும் அவனைத் தொட முடியாது. தோஜி என்ன செய்கிறான் என்றால், முன்பணமாக வந்த 3 கோடி யென்னை அப்படியே அந்தப் பெண்ணின் தலைக்குப் பரிசாக அறிவித்து, அதற்கு ஒரு கெடுவும் வைத்துவிடுகிறான். ஊரில் இருக்கிற கூலிக்கொலைகாரர்கள் எல்லாம் பாய்கிறார்கள். ஒருத்தராலும் முடியாது என்று தோஜிக்குத் தெரியும். கெடு முடிந்தால் பணம் அவனுக்கே திரும்பி வரும். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான்: கோஜோ தூங்கக் கூடாது.

கோஜோவும் தூங்குவதில்லை. ஒகினாவா கடற்கரையில் ரிகோ தண்ணீரில் ஆடுகிறாள், மீன்காட்சிக்குப் போகிறாள். அவளுக்கு அந்தச் சந்தோஷம் கிடைக்கட்டும் என்று இன்னும் ஒரு நாள் அங்கேயே தங்குகிறார்கள். அவ்வளவு நேரமும் கோஜோ தன் சக்தியை இறக்கி வைக்காமல் பிடித்துக்கொண்டே இருக்கிறான். மறுநாள் காலை கெடு முடிகிறது. பரிசு அறிவிப்பு ரத்தாகி நாலு மணி நேரம் கழித்து, மாலை 3 மணிக்கு, டோக்கியோவில் தங்கள் பள்ளியின் தடுப்பு வளையத்துக்குள் வந்துவிடுகிறார்கள். எல்லாரும் பெருமூச்சு விடுகிறார்கள். கோஜோ சக்தியைத் தளர்த்துகிறான். பின்னாலிருந்து கத்தி நெஞ்சைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

நான் ஐசியூவில் நைட் டியூட்டி பார்க்கிற நர்ஸ். ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் வார்டில் யாரும் அசர மாட்டோம். மானிட்டர் ஒரு தடவை கத்தினால் மூன்று பேர் ஓடுவோம். ஆபத்தான நேரம் விடியற்காலையில் டியூட்டியை ஒப்படைக்கிறதுக்கு முந்தைய அரைமணி. பகல் ஷிஃப்ட் ஆட்களின் பேச்சுச் சத்தம் லிஃப்ட் பக்கம் கேட்டதும் தோள் தானாகவே இறங்கும். அந்த நேரத்தில்தான் எங்கள் சீனியர் சிஸ்டர் ஒவ்வொரு இன்ஃப்யூஷன் பம்பாகப் போய், ஓடுகிற அளவையும் மீதி மருந்தையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். அதனால்தானோ என்னவோ, அந்த மாலை 3 மணி எனக்கு ரொம்பப் புரிந்தது. தோஜி குறிவைத்தது அந்த அரைமணியைத்தான்.

மந்திரவாதிகளின் பலமான சாப சக்தி அவனுக்குத் துளிகூடக் கிடையாது. பிறவியிலேயே அப்படி. அதற்கு ஈடாக மனித அளவுக்கு மீறிய உடம்பும் புலன்களும் கிடைத்திருக்கின்றன. சக்தி இல்லாததால் தடுப்பு வளையம் அவனை உணர்வதில்லை, கோஜோவின் கண்ணுக்கும் தப்பிவிடுகிறான். இந்தக் கதையில் சாபம் என்றால் ஒருவகைப் பேய்; அவன் ஆயுதங்களைப் புழு மாதிரியான ஒரு சாபப் பிராணி தன் வயிற்றில் வைத்திருக்கிறது. அது தன்னையே விழுங்கிச் சுருங்கிக்கொள்ளும், அதை இவன் விழுங்கி வைத்துக்கொள்வான். அவன் பிறந்த செனின் என்ற மந்திரவாதிக் குடும்பம் எதை ஊனம் என்று சொல்லி ஒதுக்கியதோ, அதையே தொழிலுக்கு முதலாகப் போட்டிருக்கிறான்.

குரல் தாகேஹிதோ கோயாசு. ஜோஜோ என்ற இன்னொரு அனிமேயில் வில்லன் டியோவுக்குக் குரல் கொடுத்து அதிர வைத்தவர். இங்கே குரலை உயர்த்துவதே அபூர்வம். பந்தயத்தில் பணம் விட்டுவிட்டு வந்தவனின் சலிப்பு ஒவ்வொரு வசனத்திலும் இருக்கிறது. அந்தச் சலிப்புதான் பயமாக இருக்கிறது.

அப்புறம் ரிகோ. சின்ன வயசிலிருந்தே நீ தனிப்பிறவி, நீ டெங்கெனுக்குரியவள் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள். கடைசி நிமிஷத்தில் கேதோ, உனக்கு எது வேண்டுமோ அதைச் செய், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறான். எல்லாரோடும் இன்னும் கொஞ்ச காலம் இருக்க வேண்டும் என்று அவள் அழுதுகொண்டே சொல்கிறாள். வீட்டுக்குப் போகலாம் என்று கேதோ கை நீட்டுகிறான். ஒரு துப்பாக்கிச் சத்தம். அவ்வளவுதான். மந்திரம், சாபம் எதுவும் இல்லை, சாதாரணத் துப்பாக்கி. இயக்குநர் அங்கே அழுவதற்குக்கூட நமக்கு நேரம் தருவதில்லை.

இதனால்தான் தோஜியை நல்ல அப்பா, பாவம் என்று கொண்டாடுகிற வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு ஏற்பதில்லை. இடைத்தரகன் ஷியூ கோங் மெகுமி எப்படி இருக்கிறான் என்று விசாரித்தபோது, அது யார் என்று கேட்டவன் இவன். மெகுமி இவன் பெற்ற பிள்ளை. கேதோவை அடித்துப் போட்டுவிட்டு உயிரோடு விட்டதும் இரக்கத்தினால் இல்லை. கேதோ செத்தால் அவன் அடக்கி வைத்திருக்கிற சாபங்கள் என்ன ஆகும் என்று தெரியாது, அதனால் விட்டான். அதுவும் கணக்குதான். குடும்பம் அவனுக்குச் செய்தது கொடுமை, சந்தேகமே இல்லை. சிறுவனாக இருக்கும்போது சாபங்கள் நடுவே தூக்கி எறியப்பட்டதன் தழும்பு அவன் உதட்டில் இருக்கிறது. ஆனால் அந்தக் கடனை ரிகோ தலையில் எழுதியவன் அவன்தான்.

இவ்வளவு கணக்கும் ஒரே ஒரு இடத்தில் தப்புகிறது. செத்துவிட்டான் என்று நினைத்த கோஜோ பிழைத்து எழுந்து எதிரே வந்து நிற்கிறான். வேலை முடிந்தாயிற்று, ரிகோவின் உடலை ஒப்படைத்தாயிற்று. காசில்லாத சண்டைக்கு நிற்கிறவன் இல்லை தோஜி. திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. தன்னை ஒதுக்கிய மந்திரவாதி உலகத்தின் உச்சியில் இருப்பவனை அடித்துக் காட்ட வேண்டும் என்கிற ஆசை வந்துவிடுகிறது. கோஜோ விடுகிற ஒரே அடியில் உடம்பின் ஒரு பக்கமே போய்விடுகிறது. நின்றபடியே, இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் என் பிள்ளையைச் செனின் குடும்பத்துக்கு விற்றுவிடுவார்கள், உன் இஷ்டப்படி செய் என்று மட்டும் சொல்கிறான். காப்பாற்று என்று அவன் வாயில் வரவில்லை.

கோஜோ அந்தப் பையனைத் தேடிப் போகிறான். அப்பாவைப் பற்றி ஆரம்பித்தால், அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள மெகுமிக்கு அக்கறையே இல்லை. அந்தக் காட்சியில் நான் மெகுமியின் பக்கம்.